நான் சொன்னது ம்ஹூமுங்க

நீங்க பேசாதீங்க தம்பி. பேசப்படாது. பஞ்சை வெச்சு அமுத்தி அனுப்பியிருக்காங்கல்ல, அதைக் கடிச்சுட்டே உக்காருங்க. கடவாப்பல்லா? புடுங்கிட்டாங்களா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். ரத்தம் நிக்கறதுக்குள்ள வாயத் தொறந்தீங்கன்னா உள்ள இருக்கற அந்த நர்சுப் புள்ளை வந்து புதுப் பஞ்சு வெச்சு, மொதல்ல இருந்து கடிக்கச் சொல்லும். அதுனால நான் பேசறேன், நீங்க கேளுங்க. சும்மா உக்காந்திருந்தா வலிதான் பெருசாத் தெரியும்.

எனக்குப் பல்லு நோவு இல்லீங்க. தாடை. இந்தா, காதுக்கு முன்னால, இங்க வெரலை வெச்சுட்டு வாயத் தொறந்து மூடிப் பாருங்க... ஐயோ, நீங்க வேண்டாம், தொறக்காதீங்க! என்ற புத்தியைப் பாருங்க. வூட்டுக்குப் போயிச் செஞ்சு பாத்துக்கலாம். அந்த எடத்துல ஒரு மூட்டு இருக்குதுங்க. முழங்காலுக்கு இருக்கற மாதிரி வாய்க்கும் மூட்டு. இத்தனை வயசாச்சு, எனக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. அது பாட்டுக்கு ஒழைச்சுட்டு இருந்துச்சு, நான் பாட்டுக்குப் பேசிட்டு இருந்தேன்.

என்ற பேரு பூங்கொடி. ஜவுளிச் சந்தையில கடை வெச்சிருக்கறேன். நைட்டி, லுங்கி, உள்பாவாடை. சந்தை நாள்ல கேரளாவுல இருந்து வருவாங்க, ஆந்திராவுல இருந்து வருவாங்க. எனக்கு மலையாளமும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆனாலும் என்ற கடையைத் தாண்டி ஒருத்தன் சும்மா போயிர முடியாதுங்க. போனவனைத் திரும்பக் கூப்புட்டு, உக்கார வெச்சு, அவன் பொண்டாட்டிக்கு என்ன நெறம் புடிக்கும்னு அவனுக்கே சொல்லிக் குடுத்து அனுப்புவேன். எல்லாம் வாயிதானுங்க. மத்தவங்களுக்குக் கல்லா முக்கியம், எனக்கு வாயி.

என்ற வூட்டுக்காரரு இதுக்கு நேரெதிரு. சென்னியப்பன்னு பேரு. மடிக்கச் சொன்னா மடிப்பாரு, மூட்டை கட்டச் சொன்னாக் கட்டுவாரு. பேச்சு மட்டும் வராது. "ஏனுங்க, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?"ன்னு கேட்டா, "அதுதான் நீ பேசறியே"ம்பாரு. அதோட காதும் மந்தமுங்க. கண்ணாலமான புதுசுல நல்லாத்தான் கேட்டுச்சு. வருசம் போகப் போகக் கேக்கறதில்லை. நான் பின்னால நின்னு தொண்டை கிழியக் கூப்புட்டாலும் திரும்ப மாட்டாரு. டீக்கடைக்காரன் மெல்லமாக் கூப்புட்டாத் திரும்புவாரு. ஆம்பளைக் கொரலு கனமில்லைங்களா, அது வேற மாதிரிக் கேக்குமாட்ட இருக்குது.

சரி, நோவுக்கு வர்றேன். மொதல்ல காதுலதான் வலிச்சுது. சோத்தை மென்னா காதுக்குள்ள "டிக்கு டிக்கு"ன்னு சத்தம். காது டாக்டருகிட்டப் போனேன். லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, "காதுல ஒண்ணுமில்லைம்மா"ன்னாரு. ஒண்ணுமில்லாத காது ஏனுங்க வலிக்குதுன்னு கேட்டேன். சொட்டு மருந்து எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. அப்பறம் தலைவலி, மாத்திரை. அப்பறம் ஒருத்தரு பல்லுதான் காரணம்னு சொல்லி ஒரு கடவாப்பல்லைப் புடுங்கிட்டாரு. நல்ல பல்லுங்க! கரும்பு கடிச்ச பல்லு! பல்லுதான் போச்சே தவிர வலி போகலை. கடைசியாச் சுளுக்கு எடுக்கறவருகிட்டப் போனேன். வெளக்கெண்ணெயைத் தடவி, தாடையைப் புடிச்சு ஒரு திருப்புத் திருப்புனாரு பாருங்க, செத்துப்போன என்ற மாமியாரு கண்ணு முன்னால வந்து நின்னாங்க. உசுரோட இருந்தப்ப என்ற மேல எரக்கமே படாத பொம்பளை, அன்னைக்கு அவங்களே முகத்தைச் சுளிச்சாங்கன்னு வெச்சுக்கங்களேன்.

இது இப்படி இருக்கறப்பத்தான் என்ற பொண்ணு தாரணி விவகாரம் வெடிச்சுது. ஒரே பொண்ணுங்க. படிச்சுப் போட்டு அதே காலேஜு ஆபீஸுல வேலை பாக்கறா. நான் தறிக்கார வூட்டுல நல்ல மாப்பிள்ளையாப் பாத்து வெச்சிருக்கறேன். இவ, லோகுன்னு ஒரு பையனைத்தான் கட்டிக்குவேங்கறா. லோகு என்ன பண்றானுங்கறீங்க? மைக்செட்டு! கோயில் நோம்பிக்கும் மைக்செட்டு, காது குத்துக்கும் மைக்செட்டு, எழவு வூட்டுக்கும் மைக்செட்டு. என்ற பொண்ணைக் கட்டிக் குடுத்தா நாளைக்கு வயரு சுத்திட்டு இருப்பா.

அதைக்கூட விடுங்க. எனக்கு ஆத்தாமை என்னன்னா, அவ அப்பங்கிட்டச் சொல்லியிருக்கறா. ஒரு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கறா. எங்கிட்டச் சொல்லலை. பெத்தவ நான், காது கேக்காத மனுசன் அவரு. அவருகிட்டப் போயிச் சொல்லியிருக்குது பாருங்க அந்தக் கழுதை. அது எனக்கு இன்னும் வலிக்குதுங்க. தாடையை விட வலிக்குது.

லோகு வூட்டுல பொண்ணு பாக்க வர்றதாச் சொல்லி அனுப்பிட்டாங்க. வரட்டும்னு சொன்னேன். எதுக்கு வரச் சொன்னேன்? நேருல வெச்சு நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டு அனுப்பறதுக்கு. என்னென்ன பேசோணும்னு கடையில உக்காந்து ரோசனை பண்ணிப் பண்ணி வெச்சிருந்தேன். அப்படி ஒரு பேச்சு நீங்க கேட்டிருக்க மாட்டீங்க தம்பி. அவங்க காருல ஏறுனப்பறமும் காதுல கேட்டுட்டே இருக்கற மாதிரிப் பேச்சு.

அன்னைக்குக் காலையில சன்னலுக்குப் புதுத் துணி தெச்சு மாட்டிட்டு இருந்தேன். நூலைப் பல்லுல வெச்சுக் கடிச்சு அறுத்தேன். எப்பவும் அப்படித்தானுங்க. கத்திரி கையிலயே இருந்தாலும் பல்லுலதான் அறுப்பேன், துணிக்கடைக்காரியில்லைங்களா. "டொக்"குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். வாயி பூட்டிக்கிச்சு. சுண்டுவெரலு நுழையற அளவுக்குத் தொறக்குது, அதுக்கு மேல தொறக்க மாட்டேங்குது. பேசலாம்னு பாத்தா உசுரு போற வலி. வர்றதும் பேச்சா இல்லை, "ஊ ஊ"ங்குது.

அந்த நேரம் பாத்து லோகு வூட்டு ஒறம்பரை வந்து எறங்கிட்டாங்க! ரண்டு காரு. நான் கன்னத்தைச் சுத்தி ஒரு துண்டைக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன். அவங்க பாட்டுக்குச் சிரிச்சுட்டுப் பேசறாங்க, காப்பி குடிக்கறாங்க, என்ற வூட்டு முறுக்கை நறுக்கு நறுக்குன்னு கடிக்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. உள்ளுக்குள்ள அத்தனை பேச்சும் வரிசையா நிக்குது, வெளிய வர வழியில்லை.

கடைசியா லோகுவோட அம்மா எம்பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மா என்ன சொல்றீங்க?"ன்னாங்க. பொறக்கறதுக்கு முன்னாலயே பேரு வெச்ச கதையா, அதுக்குள்ள சம்பந்தியம்மா! நான் சொன்னேனுங்க. நல்லா அழுத்தி, "ம்ஹூம்"னு சொன்னேன். மூடுன வாய்க்கு அதைத்தானே சொல்ல முடியும். தலையையும் ஆட்டுனேன். கழுத்து வரைக்கும் இழுத்துப் புடிச்சிருந்ததுனால லேசாத்தான் ஆடுச்சு. நம்ம ஊருல தலைய லேசா ஆட்டுனா அது ஆமாவா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்?

எல்லாரும் முழிக்கறாங்க. அப்ப எந்திரிச்சாரு பாருங்க என்ற வூட்டுக்காரரு. கண்ணாலமான நாள்ல இருந்து நாலு பேரு நடுவுல வாயத் தொறக்காத மனுசன், தெளிவா, கணீருன்னு சொல்றாரு: "அவ சரிங்கறா. சந்தோசத்துல அவளுக்குப் பேச்சு வரலை."

கேட்டீங்களா அநியாயத்தை! நான் சொன்னது ம்ஹூமுங்க! "ம்"முனு சொன்னாச் சரி, "ம்ஹூம்"னு சொன்னா இல்லை, இது கைக்கொழந்தைக்குத் தெரியும். நடுவுல இருக்கற அந்த "ஹூ" அவரு காதுல உழுகலை. காது மந்தமா இருக்கறதுல இப்படி ஒரு கேடு. நான் "ம்ஹூம், ம்ஹூம்"னு கத்தறேன், அவரு, "பாருங்க, சரி சரிங்கறா"ங்கறாரு. அங்கயே உப்புச்சக்கரை மாத்திட்டாங்க. உப்புச்சக்கரை மாத்துனாப் பேச்சு முடிஞ்ச மாதிரி, தெரியுமில்லைங்களா. ஒரு மாசத்துக்கு மேல தள்ளி நாள் குறிச்சாங்க: இந்த வர்ற ஞாயித்துக்கெழமை நிச்சயம், ஆவணியில கண்ணாலம். அப்பறம் அவரைத் திட்டறதுக்குக்கூட எனக்கு வாயி இல்லை. சைகையில எவ்வளவுதானுங்க திட்டறது? அவரும், "என்ன, தண்ணி வேணுமா?"ன்னு சொம்பைத் தூக்கிட்டு வந்து நிக்கறாரு. பாவம்.

அதுக்கப்பறந்தான் இந்த ஆசுபத்திரிக்கு வந்தோம். இந்த நஸ்ரின் டாக்டரம்மா பல்லு டாக்டருதான், ஆனா தாடை மூட்டுக்குன்னே தனியாப் படிச்சவங்களாம். சின்ன வயசு. வெரலை வெச்சு அமுத்திப் பாத்தாங்க, படம் எடுத்துப் பாத்தாங்க. அப்பறம், "பல்லைக் கடிப்பீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. இத்தனை வருசத்துல ஒருத்தராவது கேட்டாங்களே! அந்த வலியிலயும், வாயில பாதியும் கையில பாதியுமாச் சொன்னேன். கண்ணாலமான நாள்ல இருந்து பல்லைக் கடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன், மாமியாருகிட்டப் பல்லைக் கடிச்சேன், இந்த மனுசங்கிட்டப் பல்லைக் கடிச்சேன், சந்தையில கந்துக்காரன், கமிட்டிக்காரன் எல்லாத்துக்கிட்டயும் பல்லைக் கடிச்சுட்டு ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம இருந்தேன்னு. அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "அதில்லைங்கம்மா, நெசமாவே பல்லைக் கடிப்பீங்களா, தூக்கத்துல?"ங்கறாங்க. தூங்கறவளுக்கு எப்படிங்க தெரியும்? இவருகிட்டத் திரும்பி, "ராத்திரியில நறநறன்னு சத்தம் கேக்குமாய்யா?"ன்னாங்க. "கேக்குமுங்க. பல வருசமாக் கேக்குது"ன்னாரு. அவரு காதுக்கே கேட்டிருக்குதுன்னா எவ்வளவு சத்தமா இருந்திருக்கோணும், நெனச்சுப் பாருங்க!

அப்பறம் வெவரமாச் சொன்னாங்க. அந்த மூட்டுல ரண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்குதாம். தூக்கத்துல கடிச்சுக் கடிச்சு, பகல்ல நூலை அறுத்து அறுத்து, அந்தச் சவ்வு எடம் மாறி முன்னால போயி மாட்டிக்கிச்சு. கதவுக்கடியில மிதியடி சுருண்டு மாட்டிக்கிட்டாக் கதவு தொறக்குமுங்களா? அதே கதைதான். காதுக்குப் பக்கத்துலயே இருக்கறதுனால வலி காதுல தெரியுது, தலையில தெரியுது, பல்லுல தெரியுது. "அறுக்கோணுங்களா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், முக்காவாசிப் பேருக்கு இப்படியே சரியாயிரும்"னாங்க. அந்தக் கடவாப்பல்லைப் பத்திக் கேட்டேன். டாக்டரம்மா முதுகைத் தட்டிக் குடுத்தாங்க.

பல்லுக்கு அளவெடுத்துக் கண்ணாடி மாதிரி ஒரு தட்டுச் செஞ்சு குடுத்தாங்க. தூங்கறப்ப மாட்டிக்கோணும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணையொண்ணு தொடாது. வெந்நித் துணியில ஒத்தடம். நாக்கு நுனியை அண்ணத்துல ஒட்ட வெச்சுட்டு, மெல்ல மெல்ல வாயத் தொறந்து மூடற பயிற்சி. முறுக்கு கூடாது, கரும்பு கூடாது, தாவாங்கட்டையைக் கையில முட்டுக் குடுத்து உக்காரக் கூடாது, நூலு கடிக்கவே கூடாது. சும்மா இருக்கறப்ப ஒதடு ஒட்டியிருக்கோணும், பல்லு ஒட்டக் கூடாது. இதெல்லாம் சரீங்க. கடைசியாச் சொன்னாங்க பாருங்க: "பேச்சைக் கொறைச்சுக்குங்க."

நான் ஆடிப்போயிட்டேன். இவருதான், "எத்தனை நாளைக்குங்க?"ன்னு கேட்டாரு. "ஒரு மாசத்துக்காவது"ன்னாங்க. "அதுக்கு மேல ஆனாலும் பரவால்லைங்க, அவசரமில்லை, நல்லாக் கொணமாகட்டும்"னாரு. என்ன இருந்தாலும் கட்டுனவரில்லைங்களா, அக்கறை இருக்குது.

அந்த ஒரு மாசம்! செயிலுல இருந்தவங்களக் கேட்டாத் தெரியும். கடையில இவருதான் நின்னாரு. வந்தவன் துணியை எடுத்தான், பாத்தான், வாங்குனான், போனான். யாரும் யாருகிட்டயும் பேசறதில்லை. வியாபாரமா அது? சரக்கு என்னமோ முந்தியை விடக் கொஞ்சம் கூடுதலாத்தான் போச்சு. அது சீசனுங்க.

வூட்டுல தாரணிதான் எனக்குக் கஞ்சி காச்சிக் குடுப்பா. பக்கத்துல உக்காந்து ஒத்தடம் வெச்சு உடுவா. நாலஞ்சு நாளு அவளும் பேசாமத்தான் இருந்தா. அப்பறம் ஒரு நாளு, என்ன நெனச்சாளோ, தானாவே பேச ஆரம்பிச்சா. லோகுவை எப்படிப் பழக்கம்னு சொன்னா. இவ பரிச்சைக்குப் படிச்சுட்டு இருந்தப்ப மாரியம்மன் நோம்பி. நம்ம வூட்டைப் பாத்துக் கொழாய் ஸ்பீக்கரைக் கட்டி அலற வுட்டிருக்கறாங்க. இவ போயிச் சண்டை போட்டிருக்கறா. லோகு ஒரு வார்த்தை பேசலையாம். ஏணி வெச்சுக் கம்பத்துல ஏறி, கொழாயை வயக்காட்டுப் பக்கம் திருப்பிக் கட்டிட்டானாம். நோம்பிக் கமிட்டிக்காரங்க அவனைக் கன்னாபின்னான்னு திட்டி, அடுத்த வருசம் வேற மைக்செட்டுச் சொல்லிட்டாங்களாம். "எனக்காகத் திட்டு வாங்கிட்டு, எங்கிட்ட அதைச் சொல்லக்கூட இல்லைம்மா"ன்னா.

வாயி மட்டும் நல்லா இருந்திருந்தா, "கம்பத்துல ஏறுனவனெல்லாம் மாப்பிள்ளையா? அப்ப ஈபி ஆபீஸுல போயிக் கட்டிக்கடி"ன்னு மொத வரியிலயே வெட்டியிருப்பேனுங்க. மீதிக் கதை எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அன்னைக்கு வெட்ட முடியலை. முழுசாக் கேட்டேன். அப்பறம் அவ தெனமும் பேசுனா. ஆபீஸுல நடக்கறது, சின்ன வயசுல நான் அடிச்சது, எங்கிட்ட மறைச்சு சைக்கிள்ல இருந்து உழுந்தது, எல்லாம். இத்தனை பேசற புள்ளைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அமுக்குணின்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்பனை மாதிரி.

ஆனா, மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை நிச்சயத்துக்கு எல்லாரும் கூடுன எடத்துல எந்திரிச்சு, "அன்னைக்கு நான் சொன்னது ம்ஹூம்"னு சொல்றதுன்னு வைராக்கியமா இருந்தேன். அதுக்காகத்தான் அந்தப் பயிற்சியெல்லாம் ஒரு வேளை உடாமச் செஞ்சேன். கண்ணாடிக்கு முன்னால நின்னு, நாக்கை ஒட்ட வெச்சு, மெல்லத் தொறந்து மெல்ல மூடி.

இன்னைக்கு டாக்டரம்மா பாத்தாங்க. "தொறங்கம்மா"ன்னாங்க. தொறந்தேன். மூணு வெரலும் உள்ள போச்சுங்க! சத்தமில்லை, வலியில்லை. "நல்லாயிருச்சும்மா, இனி தாராளமாப் பேசலாம்"னாங்க. இவரு உள்ள வரலை. வண்டியை எடுக்கச் சொல்லிச் செக்யூரிட்டி சத்தம் போட்டான்னு வெளிய போனாரு. நான் இங்க வந்து உக்காந்ததும் மொத வேலையாத் தாரணிக்குப் போனைப் போட்டேன். "கண்ணு, வாயி தொறந்துருச்சு, நல்லாயிட்டேன்"னேன்.

 அந்தப் பக்கம் விசும்பற சத்தம். எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அம்மா கொணமாயிட்டான்னு சந்தோசத்துல அழுகுது பாருன்னு நெனச்சேன். அப்பறம் கேட்டா: "அப்ப ஞாயித்துக்கெழமை நீ பேசுவியாம்மா?"

அந்தக் கொரலு இருக்குதே தம்பி. ஊசி போடுவீங்களான்னு சின்னப் புள்ளைக டாக்டரைப் பாத்துக் கேக்குமில்லைங்களா, அப்படிக் கேட்டா. பெத்த தாயி வாயி தொறந்துருச்சுன்னு கேட்டு ஒரு புள்ளை பயந்து அழுகுது.  என்ற மாமியாரு கொரலைக் கேட்டா நான் அப்படித்தான் நடுங்குவேன். நான் சத்தம் போடறவதான், இல்லீங்கலை. ஆனா பயமுறுத்தறவன்னு என்னை நான் நெனச்சதே இல்லை.

வாயில என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. "இல்லை கண்ணு, தொறந்துச்சு, ஆனா டாக்டரம்மா இன்னும் பேசப்படாதுன்னுட்டாங்க. ஆவணி முடியட்டும்னு சொல்லிட்டாங்க"ன்னு சொல்லிப்போட்டேன். அவ ஒரு மூச்சு விட்டா பாருங்க. "சரிம்மா, நான் உனக்கு வந்து கஞ்சி காச்சித் தர்றேன்"னா. அடுத்த நிமிசமே அவங்க ஆபீஸுல நடந்த ஏதோ கூத்தைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா. நானும் ம் ம்முனு கேட்டுட்டு இருந்தேன்.

அதுதான், போனை வெச்சதும் உங்களப் புடிச்சுக்கிட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணாலம் முடியற வரைக்கும் இதுதான் எனக்குக் கடைசிப் பேச்சு. நான் இன்னும் சரின்னு சொல்லலை, அதைத் தெரிஞ்சுக்குங்க. சொல்லவும் மாட்டேன். பேசக் கூடாதவ எப்படிங்க சொல்றது? தறிக்கார வூட்டுல கேட்டாலும் எனக்குப் பொல்லாப்பு இல்லை. வைத்தியம்னா வைத்தியந்தான்.

அதா, என்ற வூட்டுக்காரரு. கதவோரத்துல நிக்கறாரே, வெள்ளைச் சட்டை, அவருதான். எப்ப வந்து நின்னாருன்னு தெரியலையே. நான் பேசுனதைக் கேட்டிருப்பாரோன்னு பயப்படாதீங்க, அவரு காதுக்கு இவ்வளவு தூரம் எட்டாது. கண்ணைத் தொடைக்கறாரு பாருங்க, வெயில்ல போயிட்டு வந்தா அவருக்குக் கண்ணு கலங்கும். சிரிக்க வேற செய்யறாரு. எதுக்குச் சிரிக்கறாரோ.

நீங்களும் சொல்லிராதீங்க தம்பி. பொண்ணு கண்ணாலம் வரைக்கும் நான் வாயி தொறக்காதவ. வர்றாரு, வர்றாரு.